கணினி அடிக்கடி நின்றுபோகிறது: இயங்குதளத்தை மாற்றினால் தீருமா?

கேள்வி: தட்டச்சுக் கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். பத்திரம், விண்ணப்பம், குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடை ஒன்றைக் கொழிஞ்சாம்பாறையில் நடத்திவருகிறேன். கடையில் மூன்று கணினிகளும், ஒரு கைரேகைக் கருவியும், பழைய பிரிண்டர் ஒன்றும் உள்ளன. முதலாவதும் மூன்றாவதும் 2013இல் ஒரே நாளில் வாங்கியவை. அவற்றில் விண்டோஸ் 10 உள்ளது. இரண்டாவது 2021இல் வாங்கியது. அதில் விண்டோஸ் 11 உள்ளது.

முதல் கணினி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று எழுதிக் காட்டும். மறுநாள் வேறு ஏதோ ஒரு பெயர் வரும். இரண்டாவது கணினியில் நீலத்திரை வருவதே இல்லை; ஆனால் சில வேளைகளில் எந்த அறிவிப்பும் இல்லாமல் திரை இருண்டு, தானாகவே மீண்டும் தொடங்குகிறது. சென்ற வாரம் 14 பக்கக் குத்தகை ஒப்பந்தம் ஒன்றை முடிக்கும் தறுவாயில் முதல் கணினி நின்றதால் நான்கு பக்கங்களை மீண்டும் அடிக்க நேர்ந்தது. ஒப்பந்தத்துக்காக வந்தவர்கள் வண்ணாமடையிலிருந்து பேருந்தில் வந்த முதியவர்கள். அவர்களை வெயிலில் காக்க வைத்தது இன்னும் உறுத்துகிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளிக் கணினிகளில் நீலத்திரையே வருவதில்லை என்றும், லினக்ஸ் என்னும் வேறு இயங்குதளத்துக்கு மாறிவிடுங்கள் என்றும் சொல்கிறான். பொள்ளாச்சியில் புகைப்பட வேலை செய்யும் மைத்துனர், மேக் வாங்கினால் இந்தத் தொல்லையே இராது என்கிறார். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எப்படியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய நிலையில் கேட்கிறேன்: எந்த இயங்குதளம் நின்றுபோகாமல் ஓடும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர் வட்டம், பாலக்காடு

தங்கள் மகன் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அவன் நினைக்கும் காரணத்தால் அன்று. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக மாறிய பிறகும் பள்ளிகளில் லினக்ஸே நடைமுறையில் உள்ளது. தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் கணினிக்கூடத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே எல்லாக் கணினிகளிலும் ஒரே மென்பொருள் தொகுப்பு, யாரும் புதிதாக எதையும் நிறுவ முடியாது, எவரும் வீட்டிலிருந்து பழைய பிரிண்டரைக் கொண்டுவந்து செருகுவதில்லை. அத்தகைய கட்டுப்பாட்டில் எந்த இயங்குதளமும் நல்ல பெயர் வாங்கும்.

அங்கும் கோளாறு வராமல் இல்லை. ரேம் குறைவாக இருந்த பழைய கணினிகளில் உலாவியையும் ஓவியச் செயலியையும் சேர்த்துத் திறந்தால் சுட்டி அசையாமல் நின்றுவிடும். நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோனால், லினக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள மிகுதியாக நினைவகத்தைப் பிடித்திருக்கும் செயலியைத் தானே கொன்றுவிடும். கணினி பிழைத்துக்கொள்ளும், மாணவி அரைமணி நேரம் வரைந்த படம் போய்விடும். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையிடம் ‘இயங்குதளம் நிற்கவில்லை, செயலிதான் நின்றது’ என்று விளக்கிப் பயனில்லை.

விண்டோஸுக்கு வந்த கெட்ட பெயர் பெரும்பாலும் விண்டோஸ் 95, விண்டோஸ் 98 பதிப்புகளின் காலத்தது. அவற்றின் கட்டமைப்பில் ஒரு செயலி செய்யும் தவறு முழுக் கணினியையும் சாய்த்துவிட முடிந்தது. கணினியைத் திறந்ததிலிருந்து கழிந்த நேரத்தை மில்லி வினாடியில் எண்ணும் 32 பிட் எண் நிரம்பியதும், அதாவது 49.7 நாளில், அவை உறைந்துபோகும் பிழையும் இருந்தது. (விண்டோஸ் 95 அத்தனை நாள் தொடர்ந்து ஓடியதை நான் கண்டதில்லை என்பது வேறு செய்தி.) 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நின்றிருக்க, விண்டோஸ் 98இன் செயல்விளக்கத்தில் ஸ்கேனர் ஒன்றைச் செருகியதும் எல்லார் முன்னிலையிலும் நீலத்திரை வந்தது. அதே காலத்து மேக்கிலும் செயலிகளுக்கு இடையே பாதுகாப்புச் சுவர் இல்லை. வெடிகுண்டுப் படம் காட்டி நின்றுவிடும். 2001இல்தான் இரண்டு பக்கமும் நிலைமை மாறியது. மார்ச்சில் யூனிக்ஸ் வழிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தது. அக்டோபரில் என்டி கெர்னலின் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு) மேல் கட்டப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி வந்தது.

அதன்பின் சாதாரணச் செயலி ஒன்று தவறினால் அது மட்டும் மூடப்படுகிறது. ஆனால் பிரிண்டர், வரைகலை அட்டை, வைஃபை போன்றவற்றை இயக்கும் டிரைவர்களில் பல இன்றும் கெர்னலோடு கூட்டுக் குடித்தனம் செய்கின்றன. ஒருவர் அடுப்பைக் கவனிக்காமல் விட்டால் வீடு முழுவதும் புகைதான். அப்போது கெர்னல், தவறான தகவல் வட்டில் எழுதப்பட்டுவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரை என்பது அந்த நிறுத்தத்தின் அறிவிப்பு. லினக்ஸிலும் இதே ஏற்பாடுதான். 2001இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் மூலநிரலை ஆராய்ந்தபோது, கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழைவீதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருப்பதைக் கண்டார்கள்.

ஆகவே எந்த இயங்குதளம் என்பதை முதலில் முடிவு செய்யாதீர்கள். நிற்கும்போது அது எழுதிவைத்த குறிப்பைப் படியுங்கள். விண்டோஸின் தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், நாள்வாரியாக நேர்ந்த கோளாறுகளும் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் வரைபடமாகத் தெரியும். விஸ்டா காலம் முதல் இருக்கும் இந்த வசதியைத் திறந்து பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

பதில்: கணினி பழுதுபார்ப்பவர், வேளந்தாவளம்

அண்ணா, ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தவரையில் உங்களுக்கு ஒரு நோய் இல்லை, இரண்டு நோய்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இயங்குதளம் காரணமாக இராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் கணினியில் ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வந்தால் ஏதேனும் ஒரு டிரைவர் மேல் சந்தேகப்படலாம். பெயர் மாறி மாறி வந்தால் ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ரேம் பட்டைகளைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆண்டு முழுவதும் கொண்டுவரும் தூசிக்கு இதுவே பாதி வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் மெம்டெஸ்ட் என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பட்டையை நம்பக் கூடாது. பட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகிச் சோதித்தால்தான் எது கெட்டது என்பது தெரியும்.

இரண்டாவது கணினி நீலத்திரையே காட்டாமல் இருண்டுபோவது மின்சாரக் கோளாறின் அடையாளம். கெர்னலுக்குக் குறிப்பு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்னும் பதிவு இருக்கும். முறையாக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதன் நேரத்தையும் ஊரில் கரண்ட் போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆடி மாதக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழும் நாட்களில் இரண்டும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

கடையில் வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அதன் பின்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் சாதாரணம் என்றிருக்கும். மின்விசிறிக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ், கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி வினாடிதான்; சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுவதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 8இலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கெர்னல் முழுமையாக அணைவதில்லை. விரைவாகத் தொடங்குவதற்காகத் தன் நிலையை வட்டில் உறங்கவைத்துக்கொள்கிறது. ‘தினமும் அணைத்துத்தானே வைக்கிறேன்’ என்று சொல்பவர்களின் கணினி பல வாரங்களாகப் புதிதாகத் தொடங்கியே இராது. வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள்.

பதில்: கல்லூரி மாணவர், பாலக்காடு

ஐயா, ஒரு சிறு மறுப்பு. கடையில் ஆள் காத்திருக்கும்போது அப்டேட் என்று தானாக மறுதொடக்கம் செய்வதும் கடைக்காரரின் கண்ணில் நின்றுபோவதுதான். அந்த வகையில் லினக்ஸ் மேலானது. பெரும்பாலான அப்டேட்டுகளுக்கு மறுதொடக்கம் தேவையில்லை, தேவைப்படும்போதும் அது நம்மைக் கேட்கும். விண்டோஸில் குறைந்தபட்சம் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ பகுதியில் கடை நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

பதில்: சர்வர் பராமரிப்பாளர், நகரி

நானும் சித்தூர்க்காரன்தான், ஆந்திரத்துச் சித்தூர். ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். என் பொறுப்பில் உள்ள லினக்ஸ் சர்வர்கள் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுவது உண்மை. அதை லினக்ஸின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அவற்றில் இருப்பது பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி ரேம், இரட்டை மின்வழங்கி, குளிரூட்டிய அறை. அவற்றின் முன்னால் உட்கார்ந்து யாரும் பென்டிரைவ் செருகுவதில்லை. அதே லினக்ஸை விசைத்தறிகள் ஓடும் எங்கள் தெருவில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீட்டுக் கணினியில் போட்டால் கதை வேறு.

ரேமைப் பற்றிப் பழுதுபார்ப்பவர் சொன்னதற்கு ஒரு சான்று. கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பட்டைகளில் பிழை நேர்ந்ததாகக் கண்டார்கள். சர்வரில் அந்தப் பிழை கண்டுபிடிக்கப்படுகிறது. கடைக் கணினியில் கண்டுபிடிக்க ஆளில்லாததால், அது நீலத்திரையாகவோ, சிதைந்த கோப்பாகவோ வெளிப்பட்டு, பழி விண்டோஸின் மேல் விழுகிறது.

இன்றைய மேக்கைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் சேர்க்கிறேன். 2024 ஜூலை 19 காலை 9.39 மணிக்குக் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய தவறான கோப்பினால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன; ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மேக்கும் லினக்ஸும் அன்று தப்பின. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதே நிறுவனத்தின் மென்பொருளோடு சில ரெட் ஹேட் லினக்ஸ் கணினிகள் ‘கெர்னல் பேனிக்’ (லினக்ஸின் நீலத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஆகி நின்றிருந்தன. கெர்னலுக்குள் பிறரை அனுமதித்தால் வரும் வினை இது. ஆப்பிள் 2019 முதலே அத்தகைய மென்பொருளைக் கெர்னலுக்கு வெளியே இருந்து வேலை செய்யும்படி தள்ளிவருகிறது. வன்பொருளையும் தானே முடிவு செய்கிறது. மேக் அதிகம் நிற்காததற்கு இவை உண்மையான காரணங்கள். ஆனால் உங்கள் கைரேகைக் கருவியும் பழைய பிரிண்டரும் அதில் வேலை செய்யுமா என்பதை விசாரிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்த இயங்குதளமானாலும், என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைகள் தம் கட்டமைப்பைக் காத்துக்கொள்ளுமே தவிர, சேமிக்காத நான்கு பக்கங்களைக் காக்க மாட்டா. வேர்டும் லிப்ரே ஆபீஸும் மீட்புப் பிரதியைத் தாமாக எடுப்பது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. அதை 2 நிமிடமாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பின்

நேரமெடுத்து எழுதிய அனைவருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் கணினியில் இரண்டு ரேம் பட்டைகள் இருந்தன. அழிப்பானால் தேய்த்த பின் நான்கு நாள் அமைதி; ஐந்தாம் நாள் மீண்டும் நீலத்திரை. இரவு மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில் திரை முழுவதும் சிவப்பு வரிகள். தனித்தனியாகச் சோதித்ததில் ஒரு பட்டை மட்டும் பழுது. அதைக் கழற்றி இன்றோடு 26 நாள் ஆகிறது. கணினி மெதுவாக ஓடுகிறதே தவிர ஒருமுறைகூட நிற்கவில்லை.

இரண்டாவது கணினியின் ‘41’ பதிவுகள் ஒன்பதில் எட்டு, கரண்ட் போன நேரங்களோடு பொருந்தின. இன்வெர்ட்டர் சுவிட்ச் சாதாரண நிலையில்தான் இருந்தது. பேட்டரி மாற்றியபோது யாரோ தட்டிவிட்டிருக்க வேண்டும். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் மாற்றியபின் ஆறேழு முறை கரண்ட் போயும் கணினி அணையவில்லை. மிஞ்சிய அந்த ஒரு பதிவு எதனால் என்பது இன்னும் பிடிபடவில்லை.

கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் வேண்டியிருப்பதால் இரண்டாவதை மாற்றவில்லை. மூன்றாவதில் மகனே லினக்ஸ் நிறுவினான். தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகை அமைப்புகள் இரண்டும் உடனே கிடைத்தன. பழைய எழுத்துருவில் அடித்த பத்திரங்களை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

வேகம் கூடட்டும் என்று அவன் என்னிடம் சொல்லாமல், கழற்றி வைத்திருந்த ரேம் பட்டையை அதில் செருகிவிட்டான். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு லினக்ஸ் அப்படியே உறைந்தது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னியது. அது கெர்னல் பேனிக்கின் அடையாளம் என்று மகன்தான் பள்ளியில் கேட்டுவந்து சொன்னான். பட்டையை உருவிய பின் அந்தக் கணினியும் நிற்கவில்லை. இப்போது அந்தப் பட்டையின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, மகன் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.