உப்புக்காத்து வீட்டுக்கு எந்த டேக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் ஆக்குற பெட்டி)? ஆர்2ஆர் பெட்டியா, சின்ன டெல்டா-சிக்மாவா?

மண்டபம்_மணல்
வீடு தென்கடல் பக்கம், கரையிலிருந்து நடந்தா ரெண்டு நிமிஷம். ஆம்ப் உள்ளூர்ல அசெம்பிள் பண்ணினது: டிடிஏ 7294 ஆம்ப் சிப் ரெண்டு, ±35 வோல்ட் சப்ளை, மூணு பின் பிளக். 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். லேப்டாப்பும் டிவியும் ஹெட்போன் ஜாக் வழியா ஆம்ப்ல போகுது. டிவிக்கு மாடியில டிஷ். எப்பவும் "ம்ம்ம்"னு ஒரு ஹம் இருக்கு, சார்ஜர் சொருகினா ரெட்டிப்பாகுது. ஒரு டேக் வாங்கி இதைச் சரிபண்ணலாம்னு இருக்கேன். டிஜிட்டலை அனலாக் ஆக்குற வேலையை லேப்டாப்புக்கு வெளியே கொண்டுவந்தா போதுமா? எதை வாங்க, எப்படி இணைக்க?

கீழக்கரை_செவி
தம்பி, ஒரு தடவைதான் வாங்கப் போறீங்க, ஆர்2ஆர் வாங்குங்க, அதாவது ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்கி டிஜிட்டலை அனலாக் ஆக்குறது. ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள்களுக்கு நடுவுல கணக்குப் போட்டுப் புதுசு சேர்க்கிறது) இல்லாத மோட் இருக்கணும். பிட்டை அதிவேகமா மாத்தி அதே வேலையைச் செய்யிற டெல்டா-சிக்மா சிப் எல்லாம் ஓசையைத் துல்லியமா வெட்டித் தரும், ஆனா பழைய பைத்துப் பாட்டு, நாதஸ்வரம், தவில் எல்லாம் கேட்டா விளிம்பு கூர்மையா இருந்து ஒரு மணி நேரத்துல காது களைச்சுடும். ஆர்2ஆர்ல அந்தக் களைப்பு வராது. கூடவே டிரான்ஸ்ஃபார்மர் வச்ச லீனியர் சப்ளை போடுங்க. 5 வோல்ட் மொபைல் சார்ஜர்ல ஓட்டினா பாதி காசு வீண்.

பாம்பன்_மீட்டர்
செவி காக்கா (அண்ணே), காது களைக்காத அந்த இதம் எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போட்டே பார்த்துடலாம். ஓவர்சாம்ப்ளிங் இல்லாம 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டை ஓட்டினா 10 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 0.75 டெசிபெல், 20 கிலோஹெர்ட்ஸ்ல 3.2 டெசிபெல் குறையும். ஒவ்வொரு சாம்பிளையும் படிக்கட்டு மாதிரி பிடிச்சு வச்சுக்கிறதோட விளைவு அது, எந்த ரெசிஸ்டர் போட்டாலும் வரும். டிரெபிள் குமிழை ஒரு நூல் குறைச்சாலும் கிட்டத்தட்ட அதே இதம்.

ரெசிஸ்டர் கதைக்கு வருவோம். 16 பிட்டுல மேல் பிட் சரியா இருக்கணும்னா பிழை 65,536-ல் ஒரு பங்குக்குள்ள, அதாவது 0.0015 சதவீதத்துக்குள்ள இருக்கணும். தனித்தனி ரெசிஸ்டர் அடுக்கின பெட்டிகள்ல நல்லதுன்னு சொல்றதே 0.01 சதவீதம். அது 13 பிட்டு சொச்சம்தான் தாங்கும். மிச்சத்தை மென்பொருள் திருத்தத்தால ஈடுகட்டுறாங்க. பிலிப்ஸ்காரன் 1985-ல டிடிஏ 1541 டேக் சிப் பண்ணும்போதே இந்தச் சிக்கல் தெரிஞ்சுதான் மின்னோட்டத்தைச் சுழற்சியில சராசரி எடுக்குற தந்திரத்தை உள்ளே வச்சான்.

கீழக்கரை_செவி
அளவு அளவுன்னு சொல்றீங்க. காது கேக்குறதை மீட்டர் கேக்குமா? ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வச்சு மாத்திக் கேட்டாலே வித்தியாசம் புரியும்.

பாம்பன்_மீட்டர்
கேக்கலாம், ஆனா ஒலியளவைச் சமமாக்கிட்டுக் கேக்கணும். ஒரு பெட்டி 2 வோல்ட் தருது, இன்னொண்ணு 2.5 வோல்ட் தருதுன்னா கிட்டத்தட்ட 2 டெசிபெல் வித்தியாசம். சத்தம் கூடின பெட்டி எப்பவும் "உயிரோட" கேக்கும், காதோட குணம் அது. 300 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு ஓட்டி, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ரெண்டையும் 1 சதவீதத்துக்குள்ள பொருத்துங்க. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், மலிவு மீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல பொய் சொல்லும். அப்புறம் எந்தப் பெட்டி ஓடுதுன்னு தெரியாம இன்னொருத்தர் மாத்தித் தரட்டும். பத்துல ஒன்பது தடவை சரியாச் சொன்னீங்கன்னா நான் ஒத்துக்கிறேன்.

தொண்டி_வயரிங்
சிப் சண்டையை ஓரமா வைங்க. கேட்டவருக்கு இருக்கிறது ஹம். எந்த டேக் வாங்கினாலும், அதை லேப்டாப் யூஎஸ்பியில சொருகி ஆர்சிஏவை (அனலாக் ஆடியோ ஒயர்) ஆம்ப்ல சொருகினா ஹம் அப்படியே இருக்கும். லேப்டாப் கிரவுண்டும் ஆம்ப் கிரவுண்டும் ஆர்சிஏ ஒயரோட வெளிவலை வழியா சேருது. அதே ரெண்டும் சுவர் எர்த் வழியாவும் சேருது. வட்டம் முழுசாச்சு. அதுல ஓடுற மின்னோட்டம்தான் ஸ்பீக்கர்ல கேக்குது. டிஷ் ஒயர் மாடிக் கம்பி வழியா தரையைத் தொட்டா அது இன்னொரு வட்டம்.

தம்பி, இதைச் செஞ்சு பார்த்துச் சொல்லுங்க:
முதல்ல சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில ஓட்டுங்க. அடுத்து செட்டாப் பெட்டியிலிருந்து டிஷ் ஒயரைக் கழற்றுங்க. கடைசியா ஆம்ப் பின்னாடி எல்லா ஆர்சிஏவையும் கழற்றுங்க. அப்பவும் ஹம் இருந்தா கோளாறு ஆம்ப் உள்ளே, டேக் எதுவும் செய்யாது.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. ஹம் போகணும்னு ஆம்ப்போட எர்த் பின்னை உடைச்சுடாதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போச்சுன்னா பெட்டி முழுக்க 230 வோல்ட் நிக்கும், ஈரக்கையோட தொட்டா அவ்வளவுதான்.

மண்டபம்_மணல்
பார்த்துட்டேன் அண்ணே. சார்ஜர் எடுத்தா பாதி போகுது. டிஷ் ஒயர் எடுத்தா மீதியும் போகுது. ஆர்சிஏ எல்லாம் கழற்றினா ஆம்ப் அமைதியா இருக்கு.

பாம்பன்_மீட்டர்
அப்ப பாதை தெளிவு. டிவியிலிருந்து ஆப்டிகல். டாஸ்லிங்க்ங்கற அந்த ஆப்டிகல் ஒயர்ல செம்பே கிடையாது, வெளிச்சம்தான் போகுது. டிஷ் எர்த்துக்கும் ஆம்ப்புக்கும் தொடர்பே அறுந்துடும். கவனிக்க வேண்டியது மூணு. ஒயர் முனையில இருக்கிற கண்ணாடி மாதிரி சின்ன மூடியைக் கழற்றணும், பலர் அதோடயே சொருகிட்டு "டேக் செத்துப்போச்சு"ங்கறாங்க. டிவி செட்டிங்ல டிஜிட்டல் அவுட்டைப் பிசிஎம்னு (சுருக்காத டிஜிட்டல் ஒலி) வைக்கணும். ஆட்டோவோ டால்பியோ இருந்தா ரெண்டு சேனல் டேக்குக்கு அது புரியாது, சத்தமே வராது, இல்லேன்னா இரைச்சல் வரும். ஒயரை ரெண்டு விரல் சுற்றளவுக்கும் சின்னதா மடக்கக் கூடாது. பெரும்பாலான டிவியில ஆப்டிகல் வந்தா ரிமோட்ல வால்யூம் மாறாது, ஆம்ப்லதான் மாத்தணும். அதையும் மனசுல வச்சுக்குங்க.

லேப்டாப்புக்கு யூஎஸ்பிதான். பேட்டரியில ஓட்டினா பிரச்சினை இல்லை. சார்ஜரோட ஓட்டணும்னா நடுவுல யூஎஸ்பி ஐசொலேட்டர் வேணும், டேட்டாவை மட்டும் விட்டு கிரவுண்ட் தொடர்பை அறுக்கிறது அது. இங்கதான் பலரும் ஏமாறுறாங்க. ஆன்லைன்ல மலிவா கிடைக்கிறது பெரும்பாலும் ஏடியூஎம் 4160 சிப். அது 12 மெகாபிட் வேகம்தான் தாங்கும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் அதுல போயிடும், 192 போகாது. சில டேக் அந்த வேகத்துல அடையாளமே காட்டாது. வாங்குற டேக்குல யூஎஸ்பி ஆடியோ 1 மோட் (12 மெகாபிட்லயே ஓடுற பழைய முறை) இருந்தா சிக்கலில்லை. இல்லேன்னா 480 மெகாபிட் தாங்குற ஐசொலேட்டர் தேடணும், விலை கூடும்.

கீழக்கரை_செவி
ஆப்டிகல்ல ஜிட்டர் (கடிகாரத் துடிப்பு முன்னப்பின்ன ஆகுறது) இருக்கே? கடிகாரம் டிவியோடது. யூஎஸ்பி அசிங்க்ரனஸ்னா கடிகாரம் டேக்குக்குள்ள. அதனாலதான் நான் யூஎஸ்பியை விட்டு நகர்றதில்லை.

பாம்பன்_மீட்டர்
கடிகாரம் பத்திச் சொன்னது சரி, அதுல மறுப்பில்லை. ஆனா இப்ப வர்ற டேக் சிப்புகள் உள்ளே வர்ற கடிகாரத்தைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் பயன்படுத்துது. மிச்சமிருக்கிற ஜிட்டர் காதுக்கு எட்டாது. ஹம் எட்டுதே, அவர் அதைத்தானே கேட்டு வந்திருக்கார்.

ஏர்வாடி_சால்டரிங்
எல்லாரும் மறந்த விஷயம் ஒண்ணு. இந்தக் கரையில டேக்கைக் கொல்றது உப்பு. காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்துல தகடுகளைக் காத்துல வச்சுப் பார்த்தது சும்மா இல்லை. 2025-ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்காங்க. அந்தக் காத்துதான் நம்ம ஜன்னல் வழியா வந்து ஆர்சிஏ ஜாக்குல உக்காருது.

அதனால, பெட்டி இல்லாம வெறும் போர்டா விக்கிற டேக் வேண்டவே வேண்டாம். ஃபேன் வச்ச பெட்டி வேண்டாம். மேல ஓட்டை ஓட்டையா இருக்கிற பெட்டியும் வேண்டாம். ஆர்2ஆர் பெட்டியில இருநூறு முந்நூறு ரெசிஸ்டர் வெளியே தெரியிற மாதிரி இருக்கும். ரெசிஸ்டர்களுக்கு நடுவுல ஈர உப்புப் படலம் படிஞ்சா கசிவு வரும். 0.01 சதவீதம்னு காசு கொடுத்து வாங்கின துல்லியம் ரெண்டு கச்சான் (தென்மேற்குக்) காத்துல போயிடும். காக்கா, இதுக்கு என்ன சொல்றீங்க?

கீழக்கரை_செவி
போர்டுக்கு அக்ரிலிக் கோட்டிங் அடிச்சா போதுமே. ஜாக், சுவிட்ச், பொட்டென்ஷியோமீட்டர் எல்லாத்தையும் டேப் ஒட்டி மறைச்சுட்டு, முதல்ல ஆல்கஹால்ல கழுவிக் காயவச்சு, ரெண்டு மெல்லிய பூச்சு. கழுவாம அடிச்சா உப்பை உள்ளேயே வச்சு மூடின மாதிரி ஆயிடும், அது தெரியும். இருபத்துநாலு மணி நேரமும் டேக்கை ஆன்லயே வச்சிருந்தாலும் ஈரம் அண்டாது.

ஏர்வாடி_சால்டரிங்
கோட்டிங் சரி, உத்தரவாதம் போயிடும்கறதையும் சொல்லிடுங்க. ஆன்ல வைக்கிறது பத்தி எனக்குப் பாதி சம்மதம். சுத்துக்காத்தை விட ரெண்டு மூணு டிகிரி சூடா இருந்தா உள்ளே வேர்க்காது, நிஜம்தான். 2 வாட் டேக்னா மாசத்துக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. ஆனா ஐப்பசி, கார்த்திகை இடியில அப்படி விடக் கூடாது. அந்த மாசங்கள்ல பிளக், டிஷ் ஒயர் ரெண்டையும் பிடுங்கிட்டு, மூடின டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைக்கணும். ஜெல் நிறம் மாறினா சட்டியில மெதுவா வறுத்து எடுத்தா திரும்ப வேலை செய்யும்.

ஜாக்குல களிம்பு பச்சையா பூக்கிறதுக்கு முன்னாடியே மூணு மாசத்துக்கு ஒரு தடவை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. கை கழுவுற சானிடைசர் வேண்டாம், அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு. உப்புத்தாள் போட்டும் தேய்க்காதீங்க. தங்க முலாம் மயிரிழை கூட இல்லை, போச்சுன்னா கீழே இருக்கிற நிக்கல் அரிக்க ஆரம்பிக்கும். தங்க ஜாக்குல தங்கப் பின், நிக்கல்ல நிக்கல். மாத்திப் போட்டா ஈரத்துல நிக்கல் பக்கம் சீக்கிரம் அரிச்சுப்போகும். ஆப்டிகலுக்கு இந்தத் தொல்லையே இல்லை, சொருகாதப்போ தூசி மூடி போட்டு வச்சா போதும்.

தொண்டி_வயரிங்
எர்த்தையும் பார்த்துடுங்க. உப்பு மணல்ல எர்த் நல்லாவே பிடிக்கும், ஆனா பைப்போட ஒயர் சேர்ற போல்ட் துருப்பிடிச்சு அறுந்திருக்கும். வெளியே பார்த்தா தெரியாது. மீட்டர்ல பேஸுக்கும் (கரண்ட் வர்ற லைன்) எர்த்துக்கும் 230 காட்டினாலும் நம்பாதீங்க, மீட்டர் இழுக்கிறது கடுகளவு மின்னோட்டம். 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல லைன்மேன் வச்சுப் பார்க்கட்டும், முழு வெளிச்சம் வரணும். வீட்ல ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தா அந்த நொடியே டிரிப் ஆகணும், ஆகலேன்னா எர்த் சரியில்லை, இல்லேன்னா ஆர்சிசிபி கெட்டிருக்குன்னு அர்த்தம்.

பாம்பன்_மீட்டர்
ஒரு கணக்கு பாக்கி. டிடிஏ 7294 வழக்கமான சர்க்யூட்ல 30 டெசிபெல் பெருக்கும். ±35 வோல்ட்ல முழு சக்திக்கு உள்ளே சுமார் 0.7 வோல்ட் போதும். டேக் தர்றது 2 வோல்ட். அப்படியே சொருகினா வால்யூம் குமிழ் முழுசாத் திரும்புறதுக்கு முன்னாடியே உச்சம், அதுக்கு மேல திருப்பினா கிளிப் ஆகி (ஒலி அலையோட உச்சி வெட்டுப்பட்டு) ட்வீட்டர் போயிடலாம். சேனலுக்கு ரெண்டு ரெசிஸ்டர், 1 சதவீத மெட்டல் ஃபிலிம்: தொடர்ல 6.8 கே (கிலோ ஓம்), அதுக்கு அப்புறம் கிரவுண்டுக்கு 3.3 கே. ஆம்ப் உள்ளே 47 கே வால்யூம்னா கிட்டத்தட்ட 10 டெசிபெல் இறங்கும். ஆர்சிஏ ஜாக்குக்குப் பின்னாடியே, ஆம்ப் பெட்டிக்குள்ள சால்டர் பண்ணுங்க, அரிப்பும் அண்டாது. லேப்டாப்ல வால்யூம் குறைச்சாப் போதாதான்னு கேப்பீங்க. விண்டோஸ் அப்டேட் ஒண்ணு அதை நூறுக்குத் தள்ளினா ஸ்பீக்கர் தாங்காது.

கீழக்கரை_செவி
ரெசிஸ்டர் யோசனை நல்லது, என் பெட்டிக்கும் பொருந்தும். ஆர்2ஆர் பத்தி என் கருத்து மாறலை. ஆனா தம்பிக்கு முதல்ல வேண்டியது ஆப்டிகல் இருக்கிற, மூடின அலுமினியப் பெட்டி, தனி 5 வோல்ட் சப்ளை. லீனியர் சப்ளையை அப்புறம் பார்த்துக்கலாம்.

பாம்பன்_மீட்டர்
அந்த சப்ளை வேணுமா வேண்டாமான்னு காசில்லாமலே பார்க்கலாம் காக்கா. டேக்கை ஒரு பவர் பேங்க்ல ஓட்டுங்க. அடாப்டர்ல இருந்த இரைச்சல் அப்ப போச்சுன்னா லீனியர் வாங்குறதுல அர்த்தம் இருக்கு. சில பவர் பேங்க் மின்னோட்டம் குறைவா இருந்தா தானா அணைஞ்சுடும், அதை டேக் கோளாறுன்னு நினைச்சுடாதீங்க.

மண்டபம்_மணல்
ஆப்டிகல், யூஎஸ்பி ரெண்டும் இருக்கிற மூடின பெட்டியே வாங்குறேன். டிவி ஆப்டிகல்லயும் லேப்டாப் யூஎஸ்பியிலயும் ஒரே நேரம் சொருகியே வைக்கலாமா?

தொண்டி_வயரிங்
வேண்டாம் தம்பி. ஆப்டிகல்ல டிவி கேக்கும்போதும் யூஎஸ்பி ஒயர் சார்ஜரோட இருக்கிற லேப்டாப்புல தொங்கினா பழைய வட்டம் திரும்ப வந்துடும். டிவி பார்க்கும்போது யூஎஸ்பியைப் பிடுங்கிடுங்க, இல்லேன்னா ஐசொலேட்டரை நிரந்தரமா விட்டுடுங்க. கரண்ட் போய் வரும்போது முதல்ல டேக், பத்து நொடி கழிச்சு ஆம்ப். அணைக்கும்போது முதல்ல ஆம்ப்.