விளைக்கு வில்லங்கம் இல்லை, மேலே நிற்கும் கண்டெய்னர் வீட்டுக்கு?

கேட்டவர்: குலசேகரம் பக்கம் 9 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) பேசியிருக்கிறேன். நடுவில் 20 அடி கண்டெய்னர் வீடு ஒன்று, எட்டு ஹாலோ பிளாக் கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அஸ்திவாரமோ போல்ட்டோ கிடையாது. விற்பவர் அதற்குத் தனியாக 4 லட்சம் கேட்கிறார். 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். பட்டாவும் அவர் பேரில்தான். ஆனால் கதவின் உள்பக்கம் ஆணியால் சுரண்டிய ஸ்டிக்கர் ஒன்று. 'ஃபைனான்ஸ்' என்ற கடைசிச் சொல் மட்டும் தெரிகிறது. கேட்டால், "அது வரும்போதே இருந்துச்சு" என்கிறார். வில்லங்கத்தில் வராத கடன் இருக்குமா?

தக்கலைக்காரன்: வில்லங்கம் சுத்தம்னா தைரியமா வாங்குங்க அண்ணே. துருப்பிடிக்கிற டப்பாவுக்கு 4 லட்சமா? முதலில் அதைக் குறைங்க.

பழைய பத்திர எழுத்தர்: துரு விஷயம் சரி, வில்லங்க விஷயம் தப்பு. அந்தச் சான்றில் வருவது அந்த சர்வே எண்ணில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தம்பி. நிலத்தை வைத்து வாங்கிய பேங்க் கடன் உரிமை ஆவண ஒப்படைப்பு என்று பதிவாகியிருந்தால் அதில் நிற்கும். அடைத்தால் ரசீது ஏறும். கல் மேல் சும்மா வைத்த கண்டெய்னர், 1882 சொத்துரிமை மாற்றச் சட்டம் சொல்லும் 'நிலத்தில் பதிந்த' பொருளுக்குள் வராது. கட்டில், பீரோ மாதிரி அசையும் சொத்து. காருக்குக் கடன் என்றால் ஆர்.சி.யிலேயே ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். இதற்கு ஆர்.சி.யே இல்லையே! அசல் பில்லைக் கேளுங்க, யார் பேரில் என்று பாருங்க. கடன் இருந்தால் அடைத்த கடிதம் வேண்டும். பேங்க், ஃபைனான்ஸ் அடமானங்களைப் பதியும் செர்சாய் தளத்தில் தேடலாம், ஆனால் உள்ளூர் வட்டிக்காரர் கொடுத்தது அங்கே இருக்காது. கிரயப் பத்திரம் விளைக்கு. கண்டெய்னருக்குத் தனி ரசீது, கடன் இல்லை என்று எழுதி வாங்கி.

குளச்சல் பையன்: எங்க அப்பா பழைய ஃபைபர் வள்ளம் ஒன்று வாங்கினார். ஆறு மாதம் கழித்து ரெண்டு பேர் வந்தார்கள். வள்ளத்தைத் தொடவில்லை, எஞ்சினை மட்டும் கழற்றி டெம்போவில் ஏற்றினார்கள். அதன் கடன் வேறு, வள்ளத்தின் கணக்கு வேறு. அப்பா மண்ணெண்ணெய்க் கேனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

கேட்டவர்: ரெண்டு நாள் இழுத்து, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பேர் அவர் மச்சானுடையது, மச்சான் துபாயில். கண்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள், விளை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். கிரேனுக்கு யார் காசு என்பதில் இப்போது பேச்சு நிற்கிறது.