எர்லி டிசிஷன் போடலாமா? எச்-4 பிள்ளை, பட்ஜெட் 45,000

எடிசன்வாசி:
மகள் சீனியர், பள்ளியில் கடைசி வருடம். ஜிபிஏ 3.97 (அன்வெயிட்டட்), எஸ்ஏடி 1550, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். பட்டியல்: பிரின்ஸ்டன், கார்னெல், பென், மிச்சிகன், பர்டூ, ரட்கர்ஸ். நாங்கள் எச்-1பி (வேலை விசா), அவள் எச்-4 (எங்களைச் சார்ந்தவருக்கான விசா). வருடத்துக்கு 45,000 டாலருக்கு மேல் முடியாது. நவம்பர் 1-க்குள் எதை எர்லியாகப் போடுவது? எர்லி டிசிஷன் என்றால் இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டுமாமே.

கணக்குப்புலி:
ரேங்க்கை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் விசாவைப் பாருங்கள். நிதியுதவி என்று வந்துவிட்டால் எச்-4 பிள்ளை அமெரிக்காவிலேயே வளர்ந்திருந்தாலும் பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் கணக்குதான். ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம்) வழி உதவியும் கிடையாது.

கார்னெல், பென் இரண்டும் வெளிநாட்டவருக்கு நீட்-அவேர். அதாவது உதவி கேட்டால் அதுவும் தேர்வில் எடை போடப்படும். சரி, கேட்காமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் கேட்போம் என்றால், வெளிநாட்டு மாணவர் அந்தஸ்தில் இருக்கும்வரை பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். முழுச் செலவு வருடம் 90,000 டாலரைத் தாண்டுகிறது. ஐவி லீகில் (பிரின்ஸ்டன், கார்னெல், பென் எல்லாம் இதில்தான்) மெரிட் ஸ்காலர்ஷிப்பும் இல்லை. இந்த நிலையில் எர்லி டிசிஷன் கையெழுத்து ஆபத்து.

பிரின்ஸ்டன் எல்லோருக்குமே நீட்-பிளைண்ட், அதாவது உதவி கேட்பது தேர்வைப் பாதிக்காது. 2001 முதல் கடனில்லாத உதவிதான் தருகிறது. எர்லி டிசிஷன்தான் வேண்டுமென்றால் டார்ட்மத், பிரவுன் இரண்டையும் பாருங்கள், இந்த விஷயத்தில் அவையும் அப்படியே. நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கல்லூரித் தளத்தில் கணக்கிடுவது) பெரும்பாலும் சிட்டிசன், கிரீன் கார்டு குடும்பங்களை வைத்துச் செய்தது. அதில் வரும் எண்ணை நம்பிவிடாமல் நிதியுதவி அலுவலகத்துக்கு விசா நிலையைச் சொல்லி மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதியுதவி விண்ணப்பத்தில் ஊரில் இருக்கும் வீடு, நிலம், வாடகை எல்லாம் காட்ட வேண்டும். பலர் விட்டுவிட்டு, பிறகு ஆவணம் கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

மிச்சிகனை ஏன் வைத்திருக்கிறீர்கள்? வெளிமாநிலத்தவருக்கு 75,000-க்கு மேல். உங்கள் பட்ஜெட்டில் அது வெறும் அலங்காரம்.

டெட்லைன்_தோழி:
கணக்குப்புலி சொன்னதோடு விதிகளையும் பாருங்கள். பிரின்ஸ்டனுடையது சிங்கிள் சாய்ஸ் எர்லி ஆக்‌ஷன். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் வேறு தனியார் கல்லூரிக்கு எர்லியாகப் போடக்கூடாது. அரசுப் பல்கலைகளின் கட்டுப்படுத்தாத எர்லி ஆக்‌ஷனுக்குத் தடையில்லை. ஆகவே பிரின்ஸ்டன், பர்டூ, ரட்கர்ஸ் மூன்றையும் ஒரே நாளில் அனுப்பலாம். பர்டூவை மட்டும் ரெகுலருக்கு (வழக்கமான பிந்தைய சுற்றுக்கு) தள்ளாதீர்கள், அங்கே ஸ்காலர்ஷிப்புக்கு நவம்பர் 1-தான் கணக்கு.

எர்லியில் சதவீதம் கூடுதலாகத் தெரிவதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் சி21 பகுதியில் எர்லி டிசிஷன் எண்கள் இருக்கும். மொத்தத்திலிருந்து கழித்தால் ரெகுலர் விகிதம் வந்துவிடும். ஆனால் எர்லி கூட்டத்தில் பயிற்சியாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள் நிறைய. அவர்களை எடுத்துவிட்டால் உங்கள் மகளுக்கு மிஞ்சும் சாதகம் தாளில் தெரிவதைவிடக் குறைவு.

கார்னெல் ரெகுலரில் இருந்தால் ஒன்று: கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸிலும் உண்டு, இன்ஜினியரிங்கிலும் உண்டு. எந்தக் கல்லூரி என்று விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும், எஸ்ஸேயும் வேறு.

முதல் விருப்பம் எது என்று தெரியாவிட்டால் ‘ஏன் இந்தக் கல்லூரி’ எஸ்ஸேயை அவளையே எழுதச் சொல்லுங்கள். பெயரை மாற்றி இன்னொரு கல்லூரிக்கு ஒட்ட முடிந்தால் அது முதல் விருப்பமே இல்லை.

எடிசன்வாசி:
மிச்சிகனை எடுத்துவிட்டோம். பிரின்ஸ்டனில் டிஃபர் ஆனால், அதாவது முடிவை ரெகுலருக்குத் தள்ளிவைத்தால்?

டெட்லைன்_தோழி:
பதில் டிசம்பர் நடுவில் வரும், ரெகுலர் கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி தொடக்கம். இடையில் இரண்டு வாரம்தான், அதிலும் பள்ளி விடுமுறை, கவுன்சிலர் கிடைக்கமாட்டார். அதனால் ரெகுலர் எஸ்ஸேக்களை தேங்க்ஸ்கிவிங்குக்குள் முடித்து வைக்கட்டும். டிஃபர் ஆனால் அரையாண்டு மதிப்பெண் போகும். புதிதாக ஏதாவது சாதித்திருந்தால் மட்டும் சுருக்கமாக ஒரு அப்டேட். எர்லி டிசிஷன் 2 (அதன் இரண்டாவது சுற்று) அப்போது போடலாம், ஆனால் அதுவும் கட்டுப்படுத்தும். மேலே சொன்ன மெயிலை அந்தக் கல்லூரிக்கும் அக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள்.