ஏஜென்ட் தப்பான டூலை எடுக்கிறது: விளக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

அரைப்புள்ளி:
வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட் (மொழி மாடலைக் கொண்டு தானாக வேலை செய்யும் நிரல்) ஒன்றில், அது அழைக்கும் செயல்பாடுகளான டூல்களில் கெட்_ஆர்டர், சர்ச்_ஆர்டர்ஸ், கேன்சல்_ஆர்டர் என்ற மூன்றுதான் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி விளக்கம்: "ஆர்டர் விவரம் தரும்", "ஆர்டர்களைத் தேடும்", "ஆர்டரை ரத்து செய்யும்".

வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணைச் சொன்னால், அதையே ஆர்டர் எண்ணாக வைத்து கெட்_ஆர்டரை அழைக்கிறது. தேதி கேட்கும் இடத்தில் "போன வாரம்" என்றே எழுதி அனுப்புகிறது. "ரத்து பண்ண முடியுமா?" என்று விசாரித்தாலே ரத்து செய்துவிடுகிறது. சிஸ்டம் ப்ராம்ப்டில் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தல்) விதிகளை அடுக்கியும் சரியாகவில்லை. மாடலை மாற்றுவதா, விளக்கத்தை மாற்றுவதா?

நூலிழை:
முதலில் விளக்கத்தை மாற்றுங்கள். உங்கள் நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பது மாடலுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை), இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். மூன்று நான்கு வாக்கியமாவது வேண்டும். கெட்_ஆர்டருக்கு இப்படி எழுதலாம்:

"ஆர்டர் எண் தெரிந்திருக்கும்போது, அந்த ஆர்டரின் நிலை, பொருள்கள், மொத்தத் தொகையைத் தரும். ஆர்டர் எண் என்பது 'ஓஆர்டி-' என்ற முன்னொட்டும் 8 இலக்கங்களும். தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ மட்டும் இருந்தால் இதை அழைக்காதே. சர்ச்_ஆர்டர்ஸில் தேடி ஆர்டர் எண்ணைப் பெறு. பார்சல் இப்போது எங்கே இருக்கிறது என்பதை இது தராது."

கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் "அனுப்பப்பட்டது" என்ற நிலையை மட்டும் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்துவிடும் என்று மாடல் தானாகவே சொல்லக்கூடும். எது கிடைக்காது என்பதையும் எழுதினால்தான் ஊகம் குறையும்.

உள்ளீட்டின் பெயர் வெறும் 'ஐடி' என்று இருந்தால் 'ஆர்டர்_ஐடி' ஆக்குங்கள். எண்ணின் வடிவத்தை ஸ்கீமாவிலும் எழுதி, சர்வரிலும் சரிபாருங்கள்.

தேதிக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என இரண்டு உள்ளீடுகள் வையுங்கள். வடிவத்தை எடுத்துக்காட்டோடு காட்டுங்கள்: 2025-03-21. மாதம் எது, நாள் எது என்று குழப்பாத எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும், 2025-03-04 உதவாது. முடிவுத் தேதியும் கணக்கில் சேருமா, எந்த நேர மண்டலம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இன்றைய தேதியை சிஸ்டம் ப்ராம்ப்டில் கொடுங்கள். அது தெரியாமல் "போன வாரம்" என்பதை எந்த மாடலாலும் சரியாகக் கணக்கிட முடியாது.

கடைசிவரி:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ரத்து விஷயத்தை விளக்கத்தை மட்டும் நம்பி விடக்கூடாது. "உறுதி கேட்ட பிறகே அழை" என்று எழுதினால் தவறு குறையும், அறவே நிற்காது. ரத்து செய்ய முடியுமா, எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்ல மட்டும் தனி டூல் ஒன்று வையுங்கள். விசாரிப்பவருக்கு அதுவே போதும். உண்மையான ரத்துக்கு உறுதிக் குறியீடு ஒன்றைக் கட்டாயமாக்கி, வாடிக்கையாளர் திரையில் பொத்தானை அழுத்தினால்தான் அது உருவாகும்படி செய்யுங்கள். ஏஜென்டே அதை வாங்க வழியிருந்தால், இரண்டு டூல்களையும் அடுத்தடுத்து அழைத்து வேலையை முடித்துவிடும்.

மாடல்களை டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் 'ரீட்ஒன்லிஹின்ட்' (படிக்க மட்டும்), 'டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்' (அழிக்கக்கூடியது) என்ற குறிப்புகள் உண்டு. பெயருக்கேற்ப அவை குறிப்புகள்தான், பூட்டு அல்ல.

பிழைச் செய்தியும் மாடல் படிக்கும் பாடம்தான். வெறும் "400" (கோரிக்கை தவறு என்பதற்கான பிழை எண்) என்று திருப்பினால் அதே தவறான அழைப்பையே மறுபடி அனுப்பக்கூடும். "தேதி 2025-03-21 வடிவில் வேண்டும்; வந்தது: போன வாரம்" என்று திருப்பினால் பெரும்பாலும் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ளும். தேடலில் எதுவும் கிடைக்காததைப் பிழையாகக் காட்டாதீர்கள். "இந்தத் தேதிகளுக்குள் ஆர்டர் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அரைப்புள்ளி:
நன்றி. விளக்கம் இவ்வளவு நீண்டால் டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு) செலவு ஏறாதா? மாற்றம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

நூலிழை:
ஏறும். டூல் விளக்கங்கள் ஒவ்வொரு கோரிக்கையிலும் உள்ளீட்டு டோக்கன்களாகப் போகின்றன. ப்ராம்ப்ட் கேஷிங் (மாறாத முன்பகுதியைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) இருந்தால் சுமை குறையும். ஆனால் ஒரு விளக்கத்தைத் திருத்தினாலும் கேஷ் புதிதாக உருவாக வேண்டியிருக்கும். எந்தத் தரவுத்தளம், எந்த உள் சேவை போன்ற தகவல்களை வெட்டுங்கள், அவை தேர்வுக்கு உதவாது. "மிக மிக முக்கியம்" என்ற கூவலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காரணத்தை எழுதுங்கள். இரண்டு விளக்கங்களைப் படித்த சக ஊழியருக்கே எதை அழைப்பது என்று தெரியவில்லையென்றால், இரண்டையும் ஒன்றாக்குவதே வழி.

அளக்க, வாடிக்கையாளர்கள் எழுதும் பாணியிலேயே 30 வாக்கியங்கள் எடுங்கள். எந்த டூலையும் அழைக்கக் கூடாத வாக்கியங்களும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் டூலையும் உள்ளீட்டு மதிப்புகளையும் குறித்து வையுங்கள். பதில் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் திருத்தி, முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்டுங்கள். சர்ச்_ஆர்டர்ஸைத் திருத்தினால் கெட்_ஆர்டர் தேர்வாவதும் மாறக்கூடும்.