பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வைஃபையில் ராத்திரி கேம் ஆடவே முடியவில்லை, என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி:
பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் இருக்கிறேன், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், மூன்று பேர் ரூம். ரவுட்டர் எங்கள் மாடியில்தான் இருக்கிறது, ஆனால் வராண்டாவின் அந்தக் கோடியில் வாட்டர் ஃபில்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. என் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. பகலில் வாலரண்ட் (ஐந்து பேர் அணியாக ஆடும் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடினால் மும்பை சர்வருக்குப் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 30 மில்லிநொடி பக்கம் நிற்கிறது. ராத்திரி ஒன்பதரை ஆனால் போதும்: 30, 34, திடீரென்று 400, அப்புறம் மறுபடி 30. அந்த நேரத்திலும் ஸ்பீட் டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஓனரிடம் சொன்னால், "யூடியூப் நன்றாகத்தானே ஓடுகிறது" என்கிறார்.

விளையாட்டுதானே என்று விட முடியவில்லை. ஈரோட்டில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர், இப்போது ஆளுக்கொரு ஊர். ராத்திரி ஆடுகிற அந்த இரண்டு மணி நேரம்தான் நாங்கள் பேசிக்கொள்கிற நேரம். நேற்று 12-12 என்று சமமாகி ஓவர்டைமில் நான் அப்படியே உறைந்து நின்றுவிட்டேன், மற்ற நாலு பேர் ஆடித் தோற்றார்கள். ஒருத்தனும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிங் குறைக்கிற பூஸ்டர் ஆப் எதற்காவது காசு கட்டலாமா?

கேபிள்காரன்:
தம்பி, காசு கட்டாதே. அந்த ஆப்பெல்லாம் ரவுட்டரைத் தாண்டிய பிறகு போகும் பாதையைத்தான் மாற்றும். உன் கட்டிலிலிருந்து ரவுட்டர் வரை இருக்கிற கோளாறை அதால் தொடக்கூட முடியாது.

ஓனர் சொல்வது பொய் இல்லை. யூடியூப் கொஞ்ச நேரத்துக்கான வீடியோவை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும், நடுவில் அரை நொடி நின்றாலும் உனக்குத் தெரியாது. கேமில் எதிரி அடுத்து எங்கே நகர்வான் என்பதை முன்கூட்டியே இழுத்து வைக்க முடியுமா? அதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம் டேட்டா, ஆனால் தாமதமில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசையின் ஒரு பிரிவு) ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். ராத்திரி எல்லாரும் ரூமுக்குத் திரும்பியதும் வரிசை நீள்கிறது. சிக்னல் குறைந்த மூலையில் இருப்பவனின் போன் மெதுவாகப் பேசும், அதே டேட்டாவுக்கு அதிக நேரம் பிடிக்கும், மற்ற எல்லாரும் அதற்காக நிற்க வேண்டும். சுவரைத் தாண்டி ரூம் வரை எட்டுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். உன் தெருவில் எத்தனை பிஜி, எத்தனை ரவுட்டர் என்று நீயே எண்ணிப் பார்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ட்டில் (கட்டளை தட்டும் திரை) ஒரு ஜன்னலில் ரவுட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) விடாமல் பிங் ஓடட்டும், இன்னொன்றில் வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8-க்கு. ரவுட்டருக்கே எகிறினால் கோளாறு உன் ரூமில். ரவுட்டருக்கு 2, 3 என்று அமைதியாக இருந்து வெளியே மட்டும் எகிறினால், யாரோ பெரிதாக ஏற்றியோ இறக்கியோ கொண்டிருக்கிறார், லைன் நிரம்பி நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்றாம்மாடி:
அண்ணா, பத்து மணிக்குப் பார்த்தேன். கட்டிலில் ரவுட்டருக்கே 3, 5, 280, 4, 190, நடுவில் இரண்டு தடவை டைம் அவுட். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஃபில்டர் பக்கத்தில் நின்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிறது, 2 முதல் 4-க்குள்தான். ரூமுக்குள் அந்த நெட்வொர்க் பெயரே வருவதில்லை. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டர் வாங்கட்டுமா?

கேபிள்காரன்:
வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்லும், ஒரு பேச்சு இரண்டாகும். ஏற்கெனவே நெரிசலான இடத்தில் இன்னும் நெரிசல்தான்.

மதுரைக்காரி:
ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் கேபிள் போடு தம்பி, வேறு யோசனையே வேண்டாம். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் பிஜியில் இருந்தபோது எனக்கும் இதே கதை. ஓனர் ஆன்ட்டிக்கு நெட் பற்றிக் கவலையே இல்லை, சுவரில் ஓட்டை போடுவேனோ என்றுதான் பயம். கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வழியாக எடுக்கிறேன், செலவு என்னுடையது, காலி செய்யும்போது கேபிளை விட்டுப் போகிறேன் என்றதும் சரி என்றுவிட்டார். முதலில் ஒரு நூலை ரவுட்டரிலிருந்து கட்டில் வரை, கதவு நிலையை ஒட்டி மேலே ஏற்றி இறக்கி, அளந்துகொள். கண்ணால் பார்த்து 12 மீட்டர் என்று நினைத்தேன், நூல் 19 காட்டியது. கேட் 6 ரகக் கேபிள் வாங்கு, 100 மீட்டர் வரை தாங்கும். சிக்பேட்டை பக்கம் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அளவு சொன்னால் வெட்டி, இரண்டு முனையிலும் பிளக் மாட்டித் தருவார்கள். கடையிலேயே டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு, எனக்கு ஒரு முனை சரியாக அழுத்தாமல் இருந்தது.

ரூம்மேட்டுகளுக்காகக் குட்டி ரவுட்டர் வாங்கினால், பிஜி கேபிளை அதன் வான் (WAN, வெளி இணைப்புக்கானது) போர்ட்டில் மட்டும் சொருகு. லேன் போர்ட்டில் சொருகினால் அது மாடி முழுக்கத் தவறான ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்க ஆரம்பிக்கும், எல்லாருக்கும் நெட் போய்விடும். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள், இன்டர்வியூ வைத்திருப்பவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள்.

ஜன்னலோரம்:
கேபிள் வரும்வரை போனை யூஎஸ்பி டெதரிங்கில் (வயரில் மாட்டி போன் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டு ஆடு ப்ரோ, ஹாட்ஸ்பாட் வேண்டாம், அது மறுபடியும் வைஃபைதான். போனை ஜன்னல் கம்பி பக்கம் வை. ஆட்டத்துக்கு டேட்டா அதிகம் போகாது, அப்டேட்தான் தின்னும், அதைக் காலையில் பிஜி வைஃபையில் இறக்கிக்கொள். அப்புறம், மற்றவர்களின் நெட்டைத் துண்டிக்கிற ஆப் என்று யாராவது அனுப்பினால் தொடாதே. அவர்களும் உன்னைப் போலவே வாடகை கட்டுகிறார்கள்.

மூன்றாம்மாடி:
அக்கா, நூல் வைத்து அளந்தேன், 23 மீட்டர் வந்தது, 25 வாங்கப் போகிறேன். ஓனர் "கிளிப் அடி, டேப் ஒட்டாதே, பெயின்ட் உரியும்" என்று மட்டும் சொன்னார். ரவுட்டரின் நாலு லேன் போர்ட்டில் மூன்று காலி. சனிக்கிழமை காலை பிடிஎம்மில் மெட்ரோ ஏறி ஆர்.வி. ரோட்டில் மாறி சிக்பேட்டையில் இறங்குகிறேன். அன்று ராத்திரியே ஆட்டம் இருக்கிறது, பசங்களிடம் சொல்லிவிட்டேன்.