பிளஸ் ஒன் பசங்களுக்கு கிட் இப்போதே வேணுமா?

ஏற்காடு_லேப்:
ஏற்காடு பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்கு பைத்தான். லேப்பில் ஒரு பையனின் போல்டரைத் திறந்தால் மார்க்1, மார்க்2, மார்க்_பைனல், மார்க்_பைனல்_புதுசு என்று நிற்கிறது. எது ஓடும் என்று அவனுக்கே தெரியவில்லை. புரோகிராமில் எப்போது என்ன மாற்றினோம் என்று பதிந்து வைக்கும் கருவிதான் கிட் (Git). பிளஸ் ஒன்னுக்கு வாரம் ஒரு பீரியட் அதைச் சொல்லித்தரலாம் என்றிருக்கிறேன். கூட வேலை செய்பவர் ‘வேண்டாத வேலை’ என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆத்தூர்_வாத்தியார்:
அவர் சொல்வதுதான் சரி, டீச்சர். சிலபஸில் இல்லை, பரீட்சையில் வராது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலுக்கு உலகம் முழுக்க இருந்து வரும் மாற்றங்களைச் சமாளிக்க, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதிய கருவி அது. இருபது வரி புரோகிராமுக்கு அது எதற்கு? தேதி போட்டு ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், போதும்.

ஐந்துரோடு_டெவ்:
காப்பி இருக்கும் சார், ஆனால் இரண்டு காப்பிக்கும் நடுவில் எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்று அது சொல்லாது. மேடம், பேசாமல் எல்லோருக்கும் கிட்ஹப்பில் (கிட்டில் பதிந்த புரோகிராம்களை நெட்டில் ஏற்றி வைக்கும் தளம்) கணக்கு திறந்துவிடுங்கள். காலேஜ் முடித்து வேலை தேடும்போது காட்ட ஒரு புரொபைல் தயாராக இருக்கும்.

ஏற்காடு_லேப்:
கிட்ஹப் வேண்டாம் தம்பி. கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் நெட்டே இல்லாமல் ஓடும். இங்கே மழை பிடித்தால் நெட் போய்விடும் என்பதால் எனக்கு அது முக்கியம். கிட்ஹப்பிலோ 2021 ஆகஸ்டிலிருந்து புஷ் செய்ய, அதாவது நம் வேலையை அங்கே ஏற்ற, வெறும் பாஸ்வேர்டு செல்லாது; அதற்குப் பதிலாக டோக்கன் என்ற நீளமான ரகசியக் குறியீடோ, கம்ப்யூட்டரில் உருவாக்கி வைக்கும் எஸ்எஸ்எச் கீ என்ற ரகசியச் சாவியோ வேண்டும். வகுப்பு முழுக்க டோக்கன் எடுத்துக் கொடுப்பதற்குள் பெல் அடித்துவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பசங்க டெலிபோன் டைரக்டரி புரோகிராம் எழுதும்போது வீட்டு நம்பரையே போடுவார்கள். அது பொதுவில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் (கிட்டில் செய்யும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும்.

நான் நினைப்பது இவ்வளவுதான். ஐந்தே கட்டளைகள்: கிட் இனிட் (தொடங்க), ஆட் (பதிய வேண்டியதைச் சேர்க்க), கமிட் (பதிய), லாக் (பழைய பதிவுகளைப் பார்க்க), டிஃப் (எது மாறியது என்று பார்க்க). பிராஞ்ச் (தனிக் கிளையாகப் பிரிப்பது), மெர்ஜ் (கிளைகளைச் சேர்ப்பது) கிடையாது. ஒரு மார்க் புரோகிராம் கொடுப்பேன். அதில் பாஸ் மார்க் வரி ‘மார்க் > 35’ என்று இருக்கும். ஓட்டினால் சரியாக 35 எடுத்தவன் பெயில். முதலில் அப்படியே கமிட். அப்புறம் அதை >= என்று திருத்திவிட்டு கிட் டிஃப் அடித்தால், பழைய வரி மைனஸோடும் புது வரி பிளஸ்ஸோடும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். ‘35 எடுத்தவனும் பாஸ்’ என்று மெசேஜ் போட்டு இரண்டாவது கமிட். ஒரே ஒரு குறி மாறியதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். போர்டில் எழுதிக் காட்டி அதைப் புரியவைக்க முடியவில்லை.

அஸ்தம்பட்டி_அம்மா:
என் பொண்ணு பிளஸ் டூ. டியூஷனுக்கும் ரெக்கார்டு நோட்டுக்குமே நேரம் பத்தவில்லை. அவர்களை விட்டுவிடுங்க.

ஏற்காடு_லேப்:
பிளஸ் டூவைத் தொடவே மாட்டேன் மேடம்.

ஆத்தூர்_வாத்தியார்:
35 உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பசங்க மெசேஜ் எழுதுவார்கள் என்று நம்புகிறீர்களே! இரண்டாவது வாரமே ‘அப்டேட்’, ‘அப்டேட்’ என்றுதான் இருக்கும். அப்புறம், ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச். காலையில் வந்தவன் பெயரைப் பதிந்துவிட்டுப் போனால், மதியம் வந்தவள் செய்த கமிட்டும் அவன் பெயரில்தானே விழும்? யார் வேலை என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

ஐந்துரோடு_டெவ்:
நல்ல கேள்வி சார், லேப்பில் நிஜமாகவே நடப்பது. பெயரைப் பதியும் கிட் கான்ஃபிக் கட்டளையில் ‘குளோபல்’ என்று சேர்த்தால்தான் அந்தச் சிக்கல். அதை விட்டுவிட்டு, அவரவர் போல்டருக்குள் நின்று யூசர் நேம் கொடுத்தால் அந்த போல்டரோடு நிற்கும். மேடம், ரெப்போவை, அதாவது கிட் போட்ட போல்டரை, பென் டிரைவில் வைத்து வேலை செய்ய விடாதீர்கள். பென் டிரைவ்களில் பரவலாக இருக்கும் எஃப்ஏடி32 (FAT32) என்ற பைல் அமைப்பில், பைலுக்கு யார் உரிமையாளர் என்ற பதிவே கிடையாது. 2022க்குப் பிறகு வந்த கிட், ‘சந்தேகத்துக்குரிய உரிமை’ என்று சொல்லி நின்றுவிடும். வேலை ஹார்டு டிஸ்கில், பென் டிரைவ் பேக்கப்புக்கு மட்டும். பேக்கப் எடுக்கும்போது முழு போல்டரையும் எடுக்கணும். வெறும் புரோகிராம் பைலை மட்டும் இழுத்துப் போட்டால், மறைந்திருக்கும் ‘.கிட்’ போல்டர் வராது, வரலாறு மொத்தமும் போச்சு.

கிட்ஹப் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பிரைவேட் ரெப்போ இலவசம்தானே?

ஏற்காடு_லேப்:
பிரைவேட் என்று தேர்ந்தெடுத்தார்களா என்று ஒவ்வொரு திரையாக நான்தான் எட்டிப் பார்க்கணும் தம்பி. காலேஜில் கற்றுக்கொள்ளட்டும்.

வாத்தியார் ஐயா, ‘அப்டேட்’ தொல்லை உண்மைதான். மெசேஜைத் தமிழிலேயே எழுதச் சொல்லப் போகிறேன். இங்கிலீஷ் யோசித்து நிற்காமல் செய்ததை எழுதுவார்கள். சில மெஷினில் கருப்புத் திரையில் தமிழ் உடைந்து தெரியும், அது ஒன்றுதான்.

ஆத்தூர்_வாத்தியார்:
செய்து பாருங்கள். அரையாண்டுக்குப் பிறகு மட்டும் நிறுத்திவிடுங்கள், ரிவிஷன் பீரியடில் கை வைக்காதீர்கள். மற்றபடி என் கட்சி மாறவில்லை.

ஐந்துரோடு_டெவ்:
மேடம், ஆரம்பிக்கும் முன் எல்லா மெஷினிலும் கிட் வெர்ஷன் பாருங்கள். 2.23க்கு முந்தையது என்றால், பைலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ரிஸ்டோர் கமாண்டே இருக்காது, அதற்குப் பதில் செக்கவுட் கமாண்டைத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.