மாங்கோ பேயில் துரத்திய மீன்

தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்கு டைவிங் போகிறவர்கள் எல்லோரும் சுறாவைப் பற்றியே கேட்கிறார்கள். அங்கே உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது டைட்டன் ட்ரிகர்ஃபிஷ் விஷயத்தில்தான். நம் கடற்கரையில் கிளாத்தி என்பார்களே, அந்தக் குடும்பம்தான், ஆனால் முக்கால் மீட்டர் வரை வளரும், பவளத்தையே கடித்து நொறுக்கும் பல்.

தீவின் வடக்கு முனையில் இருக்கிறது மாங்கோ பே. சாலை மலையேறி இறங்குவதால் பெரும்பாலும் படகில்தான் வருவார்கள், விடிந்ததும் போய்விட்டால் குடா முழுக்க நமக்கே. கரையிலுள்ள கிரானைட் பாறைகள் அப்படியே தண்ணீருக்குள்ளும் இறங்குகின்றன, இடையிடையே மணல். பத்து மீட்டர் ஆழத்தில் போய்க்கொண்டிருந்தபோது எங்களுக்கு வழிகாட்டி வந்த டைவ் மாஸ்டர் சட்டென்று நின்று கையைத் துப்பாக்கி மாதிரி காட்டினார், ட்ரிகர்ஃபிஷ் இருக்கிறது என்பதற்கான சைகை அது.

முன்னால் மணலில் ஒரு பள்ளம், அதுதான் மீனின் கூடு. அதன்மேல் தலைகீழாக நின்றுகொண்டு மீன் வாயால் தண்ணீரை ஊதுகிறது, மணல் புகையாக எழுகிறது. ஒரு பவளத்துண்டைக் கவ்வி எடுத்து அப்பால் போட்டது, கடக்கென்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. அப்புறம் எங்களைப் பார்த்துவிட்டது. உடம்பைச் சாய்த்து ஒரு கண்ணை உருட்டி, முதுகு முள்ளை நிமிர்த்தியது. அதுதான் எச்சரிக்கை.

பக்கத்தில் வந்த பையன் பயந்து மேலே போகப் பார்த்தான். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் அது இரண்டு விதத்தில் ஆபத்து. முட்டையைக் காக்கும் இந்த மீன் தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேலே போகப்போக விரிந்துகொண்டே போகும் புனல் மாதிரியான இடம், மேலே போகிறவன் அதற்குள்ளேயேதான் இருப்பான், மீன் விடாமல் துரத்தும். பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வேறு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் காற்று விரிந்து நுரையீரலே கிழியலாம்.

டைவ் மாஸ்டர் அவன் ஜாக்கெட்டைப் பிடித்துக் கீழே இழுத்து, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனார். முகம் மீன் பக்கம், காலில் மாட்டிய ஃபின் (நீச்சல் துடுப்பு) இரண்டும் நடுவில் கேடயமாக. மூன்று முறை பாய்ந்து வந்தது, ஒருமுறை அவருடைய ஃபின்னின் ஓரத்தைக் கடித்தே விட்டது, பாறையைத் தாண்டியதும் ஏதோ கோடு கிழித்த மாதிரி நின்று திரும்பிப் போய்விட்டது.

படகில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, அடுத்து வந்த படகுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூடு எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்று சொன்னதுதான். அவர்கள் குடாவின் மறுபக்கம் போய் இறங்கினார்கள்.